பூசை நாளில் போட்ட டெண்டர்

மல்லேஸ்வரம்,
24 மார்ச் 2025

அன்புள்ள தம்பி தியோடருக்கு,

ஆண்டவர் தயவில் நான் நலம். படி ஏறும்போது மட்டும் முழங்கால் தன்னை நினைவுபடுத்துகிறது. நீயும் மரியாவும் அத்திபெலேயில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசலாமே என்று நினைப்பாய். போனில் பேசியதை நாளைக்கு நீ ஒரு விதமாகச் சொல்வாய், நான் ஒரு விதமாகச் சொல்வேன். அதனால் எழுதுகிறேன். பதிலும் தபாலிலேயே வரட்டும்.

ஸ்ரீராம்புரத்தில் அரசாங்கம் கட்டப்போகும் பிரசவ ஆஸ்பத்திரிக்கு, உன் அண்ணன் பெயரில் நான் நடத்தும் நிறுவனத்தின் சார்பாக டெண்டர் போட்டிருந்தேன். போன வியாழக்கிழமை அதை நிராகரித்துவிட்டார்கள். விலை அதிகம் என்று அல்ல. விலை எழுதிய பகுதியை அவர்கள் திறக்கவே இல்லை. என் டெண்டர் ஏறிய அதே இன்டர்நெட் இணைப்பிலிருந்து, அதே நாளில், எனக்குப் போட்டியாக நின்ற இன்னொருவருடைய டெண்டரும் ஏறியிருக்கிறதாம். ஆகவே இருவரும் பேசிவைத்துக்கொண்டு விலை போட்டவர்களாம். அந்த இன்னொருவர் யார் என்று எனக்கு வந்த தாளில் இல்லை.

முழு உத்தரவின் நகல் கேட்டு நேரில் போனேன். கவுன்டரில் இருந்தவன், "அஜ்ஜி, நீங்க எதுக்கு அலையறீங்க? மகனை அனுப்புங்க" என்றான். "எனக்கு மகன் இல்லை. நான் யாருக்கும் பாட்டியும் இல்லை. நான் ஒப்பந்தக்காரர். நகலைக் கொடு" என்றேன். தருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான்.

மேல்முறையீடு செய்யப்போகிறேன். பக்கத்து வீட்டு வக்கீல் பாகீரதி வாதாடுவாள். அதில் தோற்றால் மூன்று வருடத்துக்குக் கறுப்புப் பட்டியல். எழுபத்து நான்கு வயதில் மூன்று வருடம் என்றால் என்ன என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதைவிட, உன் அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் 'மோசடி' என்று யாரும் இதுவரை எழுதியதில்லை.

டெண்டர் ஏறிய நாள் பிப்ரவரி 10. அவருடைய நினைவுப் பூசை நாள். அன்று என் வீட்டில் இருந்தவர்கள் நீ, மரியா, பாகீரதி, பங்குச்சாமியார். இவர்களில் யாராவது என் வீட்டு இன்டர்நெட்டை உபயோகித்ததை நீ பார்த்தாயா? ஆம், இல்லை என்று எழுதினால் போதும்.

ஜெபங்களுடன்,
அண்ணி பிரிஜெட் ஆண்டனி


அத்திபெலே,
7 ஏப்ரல்

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

தோத்திரம். உங்கள் கடிதம் கிடைச்சது. முழங்காலுக்கு நம்ம ஓசூர் டாக்டர் ஒரு தைலம் தர்றார், வாங்கி அனுப்பட்டுமா? மரியாவுக்குச் சளி. எனக்கு எப்பவும்போல் சைட், வெயில், தூசி.

டெண்டர் விஷயம் படிச்சு ரொம்ப வருத்தப்பட்டேன். இந்த ஆபீஸ்களில் நியாயம் எங்கே இருக்கு அண்ணி? வேண்டியவனுக்குக் கொடுக்க மத்தவனை ஏதாவது சொல்லித் தள்ளுவான். வை-ஃபை என்பது காத்துல வர்றது. பக்கத்து வீட்டுக்காரன் பிடிச்சிருக்கலாம், ரோட்டில் நின்னவன் பிடிச்சிருக்கலாம். யார் கண்டார்?

என் அபிப்பிராயம், இதை விட்டுவிடுங்கள். மேல்முறையீடு என்றால் வக்கீலுக்குத்தான் லாபம். நகலுக்காக அந்தப் படியெல்லாம் ஏற வேண்டாம். இந்த வயதில் உங்களுக்கு ஆஸ்பத்திரி கட்டுகிற தலைவலி எதுக்கு? அண்ணன் இருந்தால் இதையேதான் சொல்லியிருப்பார்.

அன்று பூசை நல்லபடியா நடந்தது. பன்றிக்கறி வறுவல் அண்ணன் காலத்து ருசியிலேயே இருந்தது என்று மரியா இன்னும் சொல்கிறாள்.

என்றும் உங்கள் தம்பி,
தியோடர்


மல்லேஸ்வரம்,
10 ஏப்ரல் 2025

திரு. ஏ. தியோடர் அவர்களுக்கு,

நான் நலம். உங்கள் மனைவியின் சளி குணமாகட்டும். தைலம் வேண்டாம்.

ஆம், இல்லை என்று ஒரு சொல் கேட்டேன். ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் மட்டும் அதில் இல்லை. பரவாயில்லை. முழு உத்தரவின் நகல் நேற்று வந்துவிட்டது. என்னோடு கூட்டுச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் போட்டியாளர் தியோ பில்டர்ஸ், அத்திபெலே. உரிமையாளர் ஏ. தியோடர். தந்தை பெயர் ஆரோக்கியசாமி. என் கணவரின் தந்தை பெயரும் அதுவே என்பதையும் அடிக்கோடிட்டுக் காட்டியிருக்கிறார்கள். இனி உங்களை 'நீ' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அன்று நடந்ததை நான் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

ஒவ்வொரு வருடமும் அந்த ஒரு நாள் மட்டும் உங்கள் அண்ணனுடைய அலுவலக அறையைத் திறந்து, படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பேன். விரும்புகிறவர்கள் தனியாக உள்ளே போய் ஜெபித்துவிட்டு வருவார்கள். உள்ளே இருப்பவரை யாரும் கூப்பிடமாட்டோம், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கமாட்டோம். இது நம் வீட்டு வழக்கம். அன்று காலை அந்த மேஜையில்தான் நான் டெண்டரை ஏற்றி முடித்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் வந்து, "அண்ணனோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறேன் அண்ணி" என்றீர்கள். தோளில் பை இருந்தது. ஜெபப் புத்தகம் என்று நினைத்தேன். கதவை நானே சாத்தினேன். பங்குச்சாமியார் ஏதோ சொல்லிச் சிரித்தபோது, "சாமி, மெதுவாக, தம்பி உள்ளே ஜெபத்தில் இருக்கிறார்" என்று ஒரு குருவானவரையே அடக்கினேன். நீங்கள் வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

இன்னொன்று. என் விலைத்தாள் மேஜை மேல் விரித்தபடி இருந்தது. மாலையில் போய்ப் பார்த்தால் கவிழ்ந்து கிடந்தது. மேலே உங்கள் அண்ணன் சுவருக்கு நேர் பார்க்கும் தூக்குக்குண்டு. படித்துவிட்டு மறைத்து வைத்தீர்கள்.

உங்கள் டெண்டரையும்தான் நிராகரித்திருக்கிறார்கள். ஆனாலும் மேல்முறையீடு வேண்டாம் என்று எனக்குப் புத்தி சொல்கிறீர்கள். போனால் ஏன், எப்படி என்று கேட்பார்கள் அல்லவா?

எனக்குத் தேவை ஒன்றுதான். எனக்குத் தெரியாமல் என் வீட்டு இணைப்பை உபயோகித்தீர்கள் என்று விசாரணையில் வந்து சொல்லுங்கள்.

பிரிஜெட் ஆண்டனி


அத்திபெலே,
22 ஏப்ரல்

அண்ணிக்கு,

உயிர்ப்பு விழா வாழ்த்துகள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோயிலில் வேலை அதிகம், அதனால் தாமதம். பங்குப் பேரவையில் என்னைத் துணைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள், தெரிந்திருக்கும்.

அன்று காலை இங்கே ரோடு தோண்டி கேபிளை அறுத்துவிட்டான்கள். கடைசி நேரம் நாலு மணி. வழியில் எங்காவது உட்கார்ந்து ஏற்றிவிடலாம் என்று லேப்டாப்பை எடுத்து வந்தேன். பொம்மனஹள்ளியிலேயே வண்டி நின்றுவிட்டது. பூசைக்கே நேரமாகிவிட்டது. வேறு வழி இல்லை. அவ்வளவுதான். நீங்கள் நினைக்கிற மாதிரி ஒன்றுமில்லை.

இதை முடிக்க ஒரு வழி இருக்கு. நீங்களே என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நம்ம வீட்டு வை-ஃபையை உபயோகிச்சுக்கோ" என்று சொன்னதாக ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள். குடும்பம், ஒரே வீடு, தெரியாமல் நடந்தது என்று இரண்டு பேரையும் விட்டுவிடுவார்கள். எதற்கு அந்த அறை, ஜெபம் என்றெல்லாம் ஊர் முன்னால் பேச வேண்டும்? அண்ணன் பெயரும் கெடாது, என் பெயரும் கெடாது.

மரியாவுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

தியோடர்


மல்லேஸ்வரம்,
24 ஏப்ரல் 2025

திரு. தியோடர் அவர்களுக்கு,

நலம்.

நான் அனுமதி கொடுத்தேன் என்று எழுதினால், நீங்கள் போட்டியிடுவது எனக்குத் தெரியும் என்று ஆகும். தெரிந்தே ஒரே மேஜையில் இருவரும் டெண்டர் போட்டோம் என்று ஆகும். இப்போது அவர்களிடம் இருப்பது சந்தேகம். நீங்கள் கேட்கும் ஒரு வரி அதைச் சாட்சியமாக்கிவிடும். முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவர் இதை என்னிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அது இருக்கட்டும். பொய்யே உதவுவதாக இருந்தாலும் எழுதமாட்டேன். நான் அனுமதி கொடுக்கவில்லை. நீங்கள் கேட்கவில்லை.

கேபிள் அறுந்தது உண்மையாக இருக்கலாம். அதற்காக ஒரு மனிதன் இறந்த அண்ணன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, அவன் மனைவியை வாசலில் காவல் நிறுத்தி, அவளுக்கு எதிராகவே டெண்டர் போடுவானா? மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அதையாவது அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

விலைத்தாளைப் பற்றி எழுதியதற்குப் பதிலே இல்லை. ஆகவே நான் சொன்னதுதான் சரி என்று எடுத்துக்கொள்கிறேன்.

பிரிஜெட் ஆண்டனி


அத்திபெலே,
2 மே

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

உங்கள் தாளை நான் பார்க்கவில்லை. சொன்னாலும் நம்பமாட்டீர்கள் என்றுதான் சொல்லவில்லை. இப்பவும் நம்பவேண்டாம்.

எனக்கு நீங்கள் கேட்கிற எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லிப் பழக்கம் விட்டுப்போச்சு. இருபத்தஞ்சு வருஷம் அண்ணனோட சைட் எல்லாம் நான் பார்த்தேன். கான்கிரீட் போடுகிற அன்றைக்கு விடியக்காலையில் நான் நிற்பேன், அண்ணன் ஒன்பது மணிக்கு வந்து என் முகத்தைப் பார்த்தே எல்லாம் சரி என்று திரும்பிப் போவார். அவர் போன நாற்பதாம் நாள் நீங்கள் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தீர்கள். சரி, உங்கள் உரிமை. ஆனால் என்னிடம் தினமும் எழுத்தில் அறிக்கை கேட்டீர்கள். கொடுத்தேன். அதை சைட்டுக்கே கொண்டுவந்து, மேஸ்திரிகள் முன்னால், சிவப்பு மையில் என் தமிழைத் திருத்தினீர்கள். "தியோடர், 'ஜல்லி'க்கு நடுவில் ஒரு 'ல்' வேண்டும்" என்றீர்கள். மேஸ்திரி ஆதிகேசவன் தலையைத் திருப்பிக்கொண்டான். அன்றைக்கு மறுவாரம்தான் நான் தனியாக லைசென்ஸ் எடுத்தேன்.

அன்னைக்கு இன்டர்நெட் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? "எதற்கு? எந்த டெண்டர்? எழுதிக் கொடுங்கள்." அவ்வளவுதானே?

நான் வரமாட்டேன். உங்கள் கேஸை நீங்களே நடத்திக்கொள்ளுங்கள்.

தியோடர்


மல்லேஸ்வரம்,
6 மே 2025

திரு. தியோடர் அவர்களுக்கு,

வெயில் கடுமையாக இருக்கிறது. தொப்பி இல்லாமல் சைட்டில் நிற்கவேண்டாம்.

ஆம், அப்படித்தான் கேட்டிருப்பேன். கேள்வி கேட்பது அவமானம் என்று நான் படித்த கான்வென்ட்டில் யாரும் சொல்லித்தரவில்லை.

விசாரணை மே 28, புதன்கிழமை, காலை பதினொன்று. வந்தால் நடந்ததை நீங்களே உங்கள் வாயால் சொல்லலாம். வராவிட்டால் நான் சொல்வேன்: ஜெபம் செய்கிறேன் என்று சொல்லி என் கணவரின் அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு டெண்டர் போட்டார் என் மைத்துனர் என்று. அந்தச் சொற்களையேதான் உபயோகிப்பேன்.

பிரிஜெட் ஆண்டனி


அத்திபெலே,
20 மே 2025

அக்கா,

இந்த வீட்டில் சுகம் இல்லை. அதனால் உங்கள் சுகத்தையும் கேட்கவில்லை.

உங்கள் கடைசிக் கடிதத்தை நான்தான் பிரித்தேன். அவர் அதைப் பார்க்கும் முன் நான் இரண்டு தடவை படித்துவிட்டேன். பிறகு பழைய கடிதங்களையும் தேடி எடுத்துப் படித்தேன்.

எனக்கும் ஜெபம் என்றுதான் சொன்னார். அன்று எனக்கு இருமல். உள்ளே அவருக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது என்று முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் சாமியாரை அடக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். நான் என்னை அடக்கினேன்.

"கோயிலில் துணைத் தலைவர் நாற்காலியில் உட்காருவீர்கள், ஒரு கட்டிட ஆபீசில் நின்று உண்மை சொல்லமாட்டீர்களா?" என்று கேட்டேன். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்சு அடைக்கிறது என்கிறார். டாக்டர் ஒன்றுமில்லை என்றுவிட்டார்.

28ஆம் தேதி வருவார். உங்களுக்காக அல்ல. இனி அவருக்கு எழுதாதீர்கள். உங்கள் ஒவ்வொரு கடிதமும் அடித்துவிட்டுப் போகிறது.

மரியா


மல்லேஸ்வரம்,
30 மே 2025

அன்புள்ள மரியாவுக்கு,

உன் இருமல் நின்றதா? நான் நலம்.

அவருக்கு எழுதாதே என்றாய். உனக்கு எழுதவேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே நடந்ததை உன் கணவர் உன்னிடம் முழுதாகச் சொல்லமாட்டார். ஆகவே நான் சொல்கிறேன்.

எனக்கு முன்பே வந்து வராந்தாவின் கோடியில் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை. அரசாங்க வக்கீல் பத்து நிமிடம் என்னைத் திட்டினார். "ஒரே வீடு, ஒரே இணைப்பு, ஒரே குடும்பம். இதற்குமேல் என்ன வேண்டும்?" என்றார். பிறகு விசாரணை அதிகாரி உன் கணவரைக் கூப்பிட்டார். கன்னடத்தில்தான் கேட்டார், நான் தமிழில் எழுதுகிறேன்.

"அந்த அறையில் எவ்வளவு நேரம் இருந்தீங்க?"

"ஒரு ஜெபமாலை சொல்ற நேரம், சார்."

"ஜெபமாலை சொன்னீங்களா?"

"இல்லை சார். டெண்டர் போட்டேன்."

பின்னால் உட்கார்ந்திருந்த குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். அவர் கழுத்து சிவந்தது. ஆனால் தலை குனியவில்லை.

"இந்த அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அண்ணனுக்காக ஜெபம் பண்றேன்னு நினைச்சு வாசல்ல நின்னாங்க."

"பாஸ்வேர்டு யார் கொடுத்தது?"

"யாரும் கொடுக்கலை சார். எங்க அப்பா கோலார் தங்கச் சுரங்கத்துல வேலை செஞ்சார். அவர் டோக்கன் நம்பர். எங்க அண்ணன் எல்லாத்துக்கும் அதைத்தான் வைப்பார். அண்ணி மாத்தியிருக்க மாட்டாங்கன்னு தெரியும்."

"கேட்டிருந்தா கொடுத்திருப்பாங்களா?"

"கொடுத்திருக்க மாட்டாங்க சார்" என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்து, "சரிதானா அம்மா?" என்றார். பாகீரதி என் கையை அழுத்தினாள், பதில் சொல்லவேண்டாம் என்று. நான் சொல்லவில்லை. வெளியே வந்தபோது உன் கணவர் போய்விட்டிருந்தார்.

உத்தரவு பிறகு வரும். அவர் சொன்னதில் நடந்த எதையும் மறைக்கவில்லை என்பதை நீ தெரிந்துகொள்ளவேண்டும்.

உன் அக்கா,
பிரிஜெட்


அத்திபெலே,
25 ஜூன்

அண்ணிக்கு,

சுகம்.

உத்தரவு நகல் எனக்கும் வந்தது. ஒரே இணைப்பு என்பதை மட்டும் வைத்துக் கூட்டு என்று சொல்லமுடியாது என்று எழுதியிருக்கிறார்கள். நிராகரிப்பு மொத்தமா ரத்து. இரண்டு பேர் விலையையும் திறப்பார்களாம். எனக்காக நான் கேட்கவில்லை, அதுவா வந்தது.

பேரவைப் பதவியை விட்டுவிட்டேன். யாரும் கேட்கவில்லை. நானேதான்.

இனி வருஷப் பூசைக்கு நாங்கள் மல்லேஸ்வரம் வரமாட்டோம். இங்கேயே கோயிலில் அண்ணன் பெயரில் ஒரு பூசை சொல்லி வைத்துக்கொள்கிறோம். அதுதான் எல்லாருக்கும் நல்லது.

தியோடர்


மல்லேஸ்வரம்,
19 ஜனவரி 2026

அன்புள்ள தம்பி தியோடருக்கு,

ஆண்டவர் இன்னும் என்னை இங்கேயே வைத்திருக்கிறார். முழங்கால் மட்டும் மோசம். மரியாவும் நீயும் சுகமா?

ஜூனில் நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். நடுவில் நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

ஜூலையில் விலைகளைத் திறந்தது உனக்குத் தெரியும். வேலை எனக்கு வந்தது. அஸ்திவாரம் முடிந்து தூண்கள் எழும்பிவிட்டன, ஆதிகேசவன்தான் மேஸ்திரி. போட்டியிட்ட நான்கு பேரில் உன் விலைதான் எல்லாவற்றிலும் அதிகம். என் விலைக்கு எட்டாத உயரம். சென்ட்ரிங் வேலைக்கு என்ன போட்டாயோ தெரியவில்லை. உன் அண்ணன் இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பார். அப்படி விலை போட்டால் மாட்டுக்கொட்டகை கட்டக்கூட உன்னை யாரும் கூப்பிடமாட்டார்கள்.

என் தாள் உன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கடைசி எண்ணை ஒரு முறை பார்த்திருந்தால் நீ வேறு விலை போட்டிருப்பாய். ஆகவே நீ பார்க்கவில்லை. பார்த்துவிடக் கூடாது என்றுதான் கவிழ்த்து, தூக்குக்குண்டை மேலே வைத்திருக்கிறாய். இரண்டு கடிதத்தில் உன்னை அதற்காகத் திருடன்போல் நடத்தினேன். நீ ஒரே ஒரு முறை மறுத்தாய். அதை நான் நம்பவில்லை. அந்த வார்த்தைகளைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மற்ற வார்த்தைகள் அப்படியே இருக்கட்டும். ஜெபம் என்று சொல்லி உள்ளே போனதை நான் மன்னிக்கவில்லை. அது உன் அண்ணனும் நீயும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.

பிப்ரவரி 10 செவ்வாய்க்கிழமை வருகிறது. காலை பத்து மணிக்குப் பூசை. அத்திபெலேயில் வேறு பூசை சொல்லியிருந்தால் அதை மறுநாளைக்கு மாற்றிக்கொள். ஒரே மனிதனுக்கு ஒரே நாளில் இரண்டு இடத்தில் அழ வேண்டாம். மரியாவைக் கண்டிப்பாக அழைத்துவா. அவளுக்கு இருமல் வந்தால் இருமட்டும்.

அறை திறந்திருக்கும். மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இரு. வாசலில் நின்று யாரையும் அடக்கமாட்டேன்.

நீ கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்ற அதிகாரியின் கேள்விக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. இப்போதும் எனக்குப் பதில் நிச்சயமாகத் தெரியவில்லை. பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். வேண்டுமென்றால் என்னிடம் கேள்.

அண்ணி